குடிக்காதவர்கள் கலிஸ்டோகா போவதில் அர்த்தம் இருக்கிறதா?

பொடிநடை:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில், சன்னிவேலில். வரும் அக்டோபரில் கல்யாணமாகி இருபது வருடம் நிறைகிறது. பிள்ளைகளை என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு இரண்டு இரவு எங்காவது போகலாம் என்று பேச்சு. என்னோடு வேலை செய்கிற ஒருவர் ஒயினுக்குப் பெயர்போன நாபா பள்ளத்தாக்கின் வடகோடியில் இருக்கும் கலிஸ்டோகாவுக்குப் போய் வந்ததிலிருந்து அதே புராணமாக இருக்கிறார். திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் தனித்தனிக் குடில், வாசலிலேயே சுடுநீர்த் தொட்டி, காலையில் யோகா, மாலையில் கையில் ஒயின் கோப்பை. படங்களைக் காட்டினார், அழகாகத்தான் இருக்கிறது. ஓர் இரவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

எங்கள் சிக்கல் என்னவென்றால், இருவருமே குடிப்பதில்லை. கொள்கை என்றெல்லாம் இல்லை, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒயின் ஊருக்குப் போய் ஒயினைத் தொடாமல் திரும்பினால் காசு தண்டமா? அப்புறம் மண் குளியல் என்று ஒன்று இருக்கிறதாம். ஆடை இல்லாமல் இறங்க வேண்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்து என் மனைவி "நீங்க போங்க, நான் ரூமிலேயே இருக்கேன்" என்கிறாள். அவளுக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வேறு போய்க்கொண்டிருக்கிறது. போதாததற்கு, "வீட்டுக் குழாயைத் திறந்தா சுடுதண்ணி வருது, அதுக்கு நூறு மைலுக்கு மேல வண்டி ஓட்டணுமா?" என்று ஒரு கேள்வி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அறை, சாப்பாடு, ஸ்பா எல்லாம் சேர்த்து 1,500 டாலருக்குள் முடிய வேண்டும். போய் வந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள். விளம்பரத்தை நானே படித்துக்கொள்வேன்.


மேட்டுத்தெரு:

வேண்டாம் நண்பரே. நாங்கள் நாலு பேர் ஒரு சனிக்கிழமை போனோம். ஒயின் ருசி பார்க்க ஆளுக்கு எழுபத்தைந்து டாலர், அதற்கும் முன்பதிவு. 29-ஆம் நெடுஞ்சாலையில் செயின்ட் ஹெலினா என்ற ஊரைத் தாண்டுவதற்குள் பொழுது போய்விட்டது. குளத்தில் சாய்வு நாற்காலி பிடிக்கக் காலையிலேயே துண்டைப் போட்டு வைக்கிறார்கள். அந்தக் காசுக்கு மாண்டரேயில் கடலைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். குடிக்காதவர்கள் அங்கே போய் என்ன செய்வீர்கள்?


குழாய்க்காரன்:

மேட்டுத்தெரு சொன்னது சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பொருந்தும். ஊருக்குப் பொருந்தாது.

நான் கலிஸ்டோகாவில் ஒரு ரிசார்ட்டில் பராமரிப்புப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். குளம், தொட்டி, பம்ப், குழாய் எல்லாம் என் பாடு. எந்த ரிசார்ட் என்று கேட்காதீர்கள். இப்போது சான்ட்டா ரோசாவில் வேறு வேலை. ஆனாலும் அந்தத் தண்ணீரைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

பொடிநடை சார், நீங்கள் குடிக்காதது ஒரு குறையே இல்லை. அந்த ஊருக்கு ஆள் வந்ததே தண்ணீருக்காகத்தான். வாப்போ பழங்குடி மக்கள் காலங்காலமாக அந்த ஊற்றுகளைப் பயன்படுத்தி வந்தார்கள். பிறகு சாம் பிரானன் என்ற பணக்காரர் நிலத்தை வாங்கி 1862-இல் சுடுநீர் விடுதி திறந்தார். கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த சேதியைச் சான் பிரான்சிஸ்கோ தெருவில் கத்திச் சொன்னவர் என்று வரலாற்றில் வருவாரே, அவரேதான். 1868-இல் ரயிலும் வந்துவிட்டது. பிற்பாடு மனைவி விவாகரத்து வாங்க, சொத்தெல்லாம் கரைந்து, 1889-இல் கையில் காசில்லாமல் செத்தார். சுடுநீர் மட்டும் நிற்கவில்லை. ஒயினும் அங்கே பழையதுதான், ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது 1976-இல். பாரிஸில் பெயர் மறைத்து நடத்திய ருசிப் போட்டியில் கலிஸ்டோகாவின் ஷாட்டோ மான்டலீனா ஒயின் ஆலையின் 1973 ஷார்டனே, வெள்ளை ஒயின்களில் முதலிடம் பிடித்தது. கணக்குப் போட்டால் அந்த வெற்றியைவிட ஊற்று விடுதி நூறு வருடத்துக்கு மேல் மூத்தது.

இப்போது உங்கள் வீட்டம்மா கேட்டதற்கு வருகிறேன். நியாயமான கேள்வி. வீட்டுக் குழாயில் வருவது கேஸ் சூடாக்கிய நகராட்சித் தண்ணீர். அங்கே மழைத் தண்ணீர் பாறைப் பிளவு வழியாக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் சூட்டில் காய்ந்து, வழியில் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. சில கிணறுகளில் கிட்டத்தட்டக் கொதிநிலையில் வரும். எங்கள் பாதி வேலை அதை ஆற வைப்பதுதான். பொதுச் சுடுநீர்த் தொட்டியில் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது என்பது கலிபோர்னியா விதி. அந்தத் தண்ணீரில் சிலிக்கா அதிகம். பழைய குழாயை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகக் கல் படிந்து வழியை அடைத்திருக்கும். மனுசத் தோலில் அது வழுவழுப்பாகத் தெரியும். நோய் தீரும், விஷம் வெளியேறும் என்று எழுதி வைத்திருப்பதை நம்ப வேண்டாம். நன்றாகத் தூக்கம் வரும், தோள் இறுக்கம் தளரும். எனக்குத் தெரிந்து அவ்வளவுதான், அதுவே போதும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊருக்குச் சோறு போடும் அந்தச் சுடுநீர் திராட்சைக்கு ஆகாது. அதில் போரான் என்ற தாதுச் சத்து இருக்கிறது. அளவு கூடினால் இலை ஓரமெல்லாம் கருகிவிடும். ஸ்பாக்களில் இருந்து போகும் தண்ணீர் கழிவுநீரோடு சேர்வதால், சுத்திகரித்த பிறகும் போரான் தங்குகிறது என்பது அந்த நகராட்சிக்குப் பழைய தலைவலி. படத்தில் தொட்டியும் கொடியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எங்கள் தோட்டக்காரர் தொட்டித் தண்ணீர் ஒரு வாளி அந்தப் பக்கம் போனாலும் சண்டைக்கு வருவார்.

சரி, காசு விஷயம். ஆயிரம் டாலர் இடத்திலும் முந்நூறு டாலர் இடத்திலும், சொந்தக் கிணறு இருந்தால், அடியில் ஓடுவது ஒரே சங்கதி. கூடுதல் பணம் எதற்கு என்றால் தனிமைக்கு. உங்கள் குடிலுக்கும் அடுத்த குடிலுக்கும் நடுவில் இருக்கும் மரங்களுக்கு. துண்டு கேட்டால் ஓடி வரும் ஆளுக்கு. அதெல்லாம் மோசம் என்று சொல்லவில்லை, நல்ல கட்டிலும் நல்ல அமைதியும் பெரிய விஷயம்தான். ஆனால் ஆடம்பர விடுதி என்பதாலேயே ஊற்றுத் தண்ணீர் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பள்ளத்தாக்கில் கேஸில் சூடாக்கிய சாதாரணத் தண்ணீரை அழகான கல் தொட்டியில் விட்டு வைத்திருக்கும் இடங்களும் உண்டு. பதிவு செய்யும் முன் ஃபோனில் ஒரே ஒரு கேள்வி: "குளத்துத் தண்ணீர் உங்கள் கிணற்றுச் சுடுநீரா, சூடாக்கியதா?" பதில் இழுத்தால் விட்டுவிடுங்கள். குளோரின் வாசனை வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பொதுக் குளத்தில் ஊற்றுத் தண்ணீராகவே இருந்தாலும் கிருமிநாசினி போடுவது வழக்கம்.

பழைய இடங்களை எடுத்துக்கொண்டால், பிரானன் விடுதி இருந்த அதே மண்ணில் இந்தியன் ஸ்பிரிங்ஸ் இருக்கிறது. ஒலிம்பிக் அளவுக் குளம், 1913-இல் கட்டியது. நின்று பார்த்தால் நீராவி எழும்பிக்கொண்டே இருக்கும். டாக்டர் வில்கின்சன்ஸ் 1952-இல் ஆரம்பித்தது, இப்போது புதுப்பித்திருக்கிறார்கள். ஆடம்பரம்தான் வேண்டும், ஊற்றும் வேண்டும் என்றால் சோலாஜ். உங்கள் தொகைக்கு அங்கே ஓர் இரவு தாங்கலாம், இரண்டு தாங்காது.

மண் குளியல் பற்றி. உங்கள் மனைவி பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. பெரிய தொட்டி நிறையச் சூடான மண். சில இடங்களில் சுத்தமான எரிமலைச் சாம்பல், சில இடங்களில் மக்கிய பாசியும் கலந்தது. முதலில் விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாகச் சாய வேண்டும். உடம்பு உள்ளே போகாது, கேழ்வரகுக் களி மேல் படுத்த மாதிரி மிதக்கும். உதவியாளர் மேலே மண்ணை வாரிப் போட்டுக் கழுத்து வரை மூடுவார். முகத்துக்கு ஈரத் துணி, குடிக்க வெள்ளரிக்காய் போட்ட தண்ணீர். பத்து, பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் விட மாட்டார்கள். பிறகு ஷவர், மினரல் தொட்டி, நீராவி அறை, கடைசியில் போர்வை சுற்றிப் படுக்க வைப்பார்கள். அந்தக் கடைசிக் கட்டத்தில் குறட்டை விடாத ஆளே கிடையாது. அடுத்தவர் இறங்கும் முன் மண்ணில் கொதிநீரை விட்டுக் கிளறிவிடுவோம். அது இடுப்பு ஒடிகிற வேலை, செய்தவனுக்குத்தான் தெரியும்.

ஆடை இல்லாமல்தான் பெரும்பாலும் இறங்குவார்கள். துணி போட்டால் மண் இழையில் ஏறி உங்களோடு வீட்டுக்கே வரும். ஆனால் ஆண் பெண் தனித்தனிப் பகுதி உள்ள இடங்களில் பெண்களுக்குப் பெண் உதவியாளர்தான். படுத்த நிமிடமே மண் மூடிவிடும். அதுவும் வேண்டாம் என்றால், தானே மண்ணை எடுத்து உடம்பில் பூசிக்கொண்டு சூடான அறையில் உட்காருகிற முறை சில ஸ்பாக்களில் இருக்கிறது. முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பொதுக் குளத்தில் நீச்சலுடை கட்டாயம், ஆனால் முழுக்கை மேல்சட்டையும் கணுக்கால் வரை வரும் நீச்சல் கால்சட்டையும் போட்டு எத்தனையோ பேர் இறங்குகிறார்கள். பருத்திச் சுடிதாரோடு இறங்கினால் மட்டும் வெளியே கூப்பிடுவார்கள், நூல் என் ஃபில்டரில் போய் மாட்டும்.

இன்னொன்று, அக்டோபரில் போக வேண்டாம். அறுவடைக் காலம், வாடகை உச்சத்தில் இருக்கும். காட்டுத்தீக் காலமும் அதுவே. 2017 அக்டோபரில் டப்ஸ் தீ கிளம்பியது கலிஸ்டோகா பக்கம்தான், ஒரே இரவில் சான்ட்டா ரோசா வரை வந்துவிட்டது. 2020 செப்டம்பர் கடைசியில் கிளாஸ் தீ. அப்போது எரிந்துபோன ஆடம்பர விடுதிகளில் கலிஸ்டோகா ராஞ்சும் ஒன்று. தீ வராத வருடங்களிலும் தூரத்துப் புகை வந்தால் வெளித் தொட்டியில் உட்கார முடியாது. அக்டோபர்தான் வேண்டும் என்றால், புகைக்காக ரத்து செய்தால் பணம் திரும்புமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.


மருந்துச்சீட்டு:

பொடிநடை அண்ணா, நான் ஃப்ரீமான்ட்டில் மருந்தாளுநர். அண்ணியின் மாத்திரை பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

சூட்டில் ரத்தக் குழாய் விரியும், அழுத்தம் இறங்கும். மாத்திரையும் அதே திசையில்தான் வேலை செய்கிறது. இரண்டும் சேர்ந்தால், தொட்டிக்குள் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். ஈரத் தரையில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நீர் பிரியச் செய்யும் மாத்திரை என்றால் இன்னும் கவனம் வேண்டும், வியர்வையிலும் தண்ணீர் போகும். போகும் முன் மருத்துவரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லி, "மண் குளியல், நீராவி அறை இரண்டும் செய்யலாமா?" என்று நேராகக் கேளுங்கள். சுற்றுலாவுக்காக அன்றைக்கு மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அது வேண்டவே வேண்டாம்.

மருத்துவர் சரி என்றால், பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடச் சொல்லுங்கள். வந்ததும் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கட்டும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நீராவி அறையை விட்டுவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. கர்ப்பிணிகளையும் இதய நோய் உள்ளவர்களையும் மண் குளியலுக்கு எடுப்பதில்லை என்று பல ஸ்பாக்கள் எழுதியே வைத்திருக்கின்றன. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் ஆபத்து, சுடுவது தெரியாது.

குடிக்காமல் போனால் காசு தண்டமா என்று கேட்டீர்களே, லாபம்தான். மதியம் முழுக்க ஒயின், சாயங்காலம் 104 டிகிரித் தொட்டி என்பது மருந்தாளுநராக எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத கூட்டணி. இரண்டுமே உடம்பில் தண்ணீரை வற்ற வைக்கும், இரண்டுமே அழுத்தத்தை இறக்கும்.


மேட்டுத்தெரு:

குழாய்க்காரன் அண்ணன் எழுதியதைப் படித்தால் நாங்கள் தப்பான நாளில் போனோம் என்று படுகிறது. ஆனால் விலை? இணையத்தில் ஒரு தொகை, கடைசிப் பக்கத்தில் வேறு தொகை. எங்களுக்கு 'ரிசார்ட் கட்டணம்' என்று தனியாக ஒன்று ஏறியது. அதற்கும் ஏதாவது தண்ணீர்க் காரணம் உண்டா?


குழாய்க்காரன்:

அதற்குக் காரணம் ஆசைதான் தம்பி, தண்ணீர் இல்லை. நீங்கள் போனது எந்த வருடம் என்று தெரியவில்லை. 2024 ஜூலை 1 முதல் கலிபோர்னியாவில் சட்டம் மாறிவிட்டது. கட்டாயக் கட்டணம் எதுவானாலும் முதலில் காட்டும் விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும், அரசு வரி மட்டும் பிறகு ஏறலாம். அப்படிக் காட்டாத தளத்தில் பதிவு செய்யாதீர்கள். ஸ்பா ரசீதில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் எழுதுங்கள். இருபது சதவீதம் இரண்டு தடவை கொடுத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.


பொடிநடை:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் மனைவியிடம் படித்துக் காட்டினேன். போரான் கதை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கல்யாண நாளை மாற்ற முடியாது, ஆனால் போவதைப் பிப்ரவரிக்குத் தள்ளலாம் என்று அவளே சொல்லிவிட்டாள். மருத்துவரிடமும் கேட்கப் போகிறாள். நீராவி அறை கிடையாது என்பது முடிவு.

அவளுடைய கேள்வி ஒன்று: தாலிச் சங்கிலி, மெட்டி எல்லாம் போட்டுக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்கலாமா? என்னுடைய கேள்வி: குளத்தில் இல்லாத நேரத்தில் இரண்டு நாள் என்ன செய்வது? பிப்ரவரியில் மழை பெய்யுமே?


குழாய்க்காரன்:

மெட்டி வெள்ளியா? கழற்றிவிடச் சொல்லுங்கள். தண்ணீரில் கொஞ்சம் கந்தகம் உண்டு, வெள்ளி கறுத்துவிடும். தேய்த்தால் போகும், ஆனால் பார்த்ததும் மனசு கஷ்டப்படும். தங்கம் அப்படிக் கறுக்காது, குளத்தில் தாலியோடு இறங்கலாம். மண் தொட்டிக்கு மட்டும் வேண்டாம். சாம்பல் சங்கிலிக் கண்ணிகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் பல் தேய்க்கும் பிரஷ்ஷால்தான் எடுக்க வேண்டும். கழற்ற மனமில்லை என்றால் உதவியாளரிடம் சொல்லி, கழுத்துக்கு மேலே தூக்கித் துணியில் சுற்றிக்கொள்ளலாம். அவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்.

பிப்ரவரி நல்ல யோசனை. கொடியெல்லாம் மொட்டையாக இருக்கும், நடுவில் கடுகுப் பூ மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். மழை பெய்தால் இன்னும் நல்லது. வெளிக் குளத்தில் கழுத்து வரை சுடுநீர், தலையில் குளிர்ந்த தூறல். இடி மின்னல் வந்தால் மட்டும் வெளியேற்றுவார்கள்.

வண்டியில் வரும்போது 29-இல் வராமல் கிழக்குப் பக்கம் சில்வராடோ டிரெயிலில் வாருங்கள், அதே தூரம்தான், நெரிசல் குறைவு. ஊருக்குத் தெற்கே போத்தி-நாபா மாநிலப் பூங்காவில் ரெட்வுட் மரக் காடு இருக்கிறது, மழை விட்ட பிறகு ஒரு மணி நேரம் நடக்கலாம். உயரம் ஏற ஆசையிருந்தால் மவுண்ட் செயின்ட் ஹெலினா, 4,300 அடிக்கு மேல். அதை எரிமலை என்று சொல்லுவார்கள், எரிமலைக் கல்லால் ஆன மலையே தவிர எரிமலை இல்லை. ஓல்டு ஃபெய்த்ஃபுல் கெய்சர் என்று பலகை பார்ப்பீர்கள். ஆழ்துளை போட்டதில் கிளம்பிய ஊற்று அது. காசு கொடுத்து, பெஞ்சில் காத்திருந்து, ஒரு நிமிடம் பீய்ச்சுவதைப் பார்க்க வேண்டும். என்னைப் போல வெந்நீர் பீய்ச்சுவதைத் தடுப்பதே வேலையாக இருந்தவனுக்கு அதில் சுவாரசியம் இல்லை, உங்களுக்குப் பிடிக்கலாம். ஒயின் பக்கம் ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும் என்றால் காஸ்டெல்லோ டி அமோரோசா. 2007-இல் திறந்த கட்டடம், ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டு இத்தாலியக் கோட்டை மாதிரியே கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் திராட்சைச் சாறு கொடுப்பார்கள், உங்களுக்கும் கேட்டுப் பாருங்கள். மற்ற இடங்களில், குடிக்காதவருக்கும் ருசிக் கட்டணம் உண்டா என்று போகும் முன் ஃபோனில் கேட்டுவிடுங்கள், இடத்துக்கு இடம் மாறும்.

செவ்வாய், புதன் இரவுகளாகப் போடுங்கள். வெள்ளி சனிக்குக் கேட்கும் வாடகையில் பெரிய வித்தியாசம் இருக்கும். மண் குளியலைப் போய்ச் சேர்ந்த அன்றே சாயங்காலம் வைத்துக்கொண்டால் மறுநாள் முழுக்கக் குளத்துக்கு மிச்சம். குளத்துக்கு இறங்குவது காலை ஏழு மணிக்கு, மற்றவர்கள் காபிக்கு நிற்கும் நேரத்தில்.

அறை பதிவு செய்யும்போது ஒன்று மறக்காதீர்கள். குளத்துக்கு ரொம்பப் பக்கத்து அறை என்று ஆசை காட்டுவார்கள், பல இடங்களில் பம்ப் அறையும் அங்கேதான் இருக்கும். இரவெல்லாம் ஓடும். "பம்ப் சத்தம் கேட்காத அறை" என்று கேளுங்கள், எந்த அறைகள் என்று அவர்களுக்குத் தெரியும்.